சத்தம் வண்டியோடு போகிறதா, தரையிலேயே நிற்கிறதா? சக்கரம், தண்டவாளக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

கடலூர் துறைமுகம் சந்திப்பை இன்னும் ‘ஓ.டி.’ (ஓல்ட் டவுன்) என்ற பழைய பெயரிலேயே சொல்லும் ஆட்களில் நானும் ஒருவன். மீட்டர் கேஜ் காலத்தில் பாதை பராமரிப்பு வேலைக்கு வந்தேன். விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை 2010இல் அகலப்பாதையாகத் திறந்தபோதும் அதே வேலைதான். இப்போது ஓய்வு. புதிதாகச் சேர்ந்த பையன்கள் வீட்டுக்கு வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “சார், இந்த இடத்தில் சத்தம் வருகிறது. ஜல்லி போட்டு பேக்கிங் அடித்துவிடலாமா?”

பேக்கிங் என்றால் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்குவது. நான் திருப்பிக் கேட்பது: “எந்த வண்டிக்கு வருகிறது?”

சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் கட்டைவிரல் நகம் அளவுதான். நிலக்கரி ஏற்றிய சரக்குப் பெட்டி என்றால் அந்த நகத்தின் மேல் பத்து டன்னுக்கு மேல் உட்காரும். அங்கே ஒன்று கெட்டால் மற்றதும் சேர்ந்து கெடும். அதனால் பாதைக்காரர்கள் பெட்டியைக் குறை சொல்வதும் பெட்டிக்காரர்கள் பாதையைக் குறை சொல்வதும் என் காலத்திலிருந்தே நடக்கிறது. அந்தச் சண்டைக்குள் போவதற்கு முன் இதைப் பாருங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே இடத்தில் கோளாறு தெரிந்தால் அது பாதையுடையது. ஒரே பெட்டிக்கு எல்லா இடத்திலும் தெரிந்தால் சக்கரத்துடையது. ஒரு பெட்டிக்கு மட்டும், அதுவும் ஒரு இடத்தில் மட்டும் தெரிந்தால் இரண்டும் வரம்பின் ஓரத்தில் நிற்கின்றன என்று அர்த்தம். மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியது இந்தக் கடைசி வகைக்குத்தான். தனித்தனியாக அளந்தால் இரண்டும் ‘சரி’ என்றே வரும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பிளாட்பார முனையில் நின்று அடுத்தடுத்து மூன்று வண்டிகளைக் கேளுங்கள். அப்புறம் கடைசிப் பெட்டியில் ஏறி, கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொண்டே போங்கள். பாதையில் இறங்கிச் செய்யும் வேலை எதுவானாலும் முறையான அனுமதியும் கொடி பிடிக்க ஆளும் இருந்தால்தான். இதை இனி திரும்பச் சொல்ல மாட்டேன்.

‘டக் டக்’ என்று அடிக்கிறது

தாளத்தை எண்ணுங்கள். பயணிகள் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு சுமார் 2.87 மீட்டர் ஓடும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று. ஆகவே நொடிக்கு ஆறு தரம் ‘தடதடதட’ என்று விடாமல் அடித்தால், அதுவும் ஒரு பெட்டிக்கு அடியில் மட்டும் அடித்தால், அந்தச் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது.

ஃபிஷ்பிளேட் (இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் தகடு) போட்ட 13 மீட்டர் தண்டவாள ஜாயிண்ட் என்றால் தாளம் வேறு. அதே வேகத்தில் நொடிக்கு ஒன்று, ஒன்றேகால்தான் வரும். போகிக்கு, அதாவது பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டத்துக்கு, இரண்டு அச்சு என்பதால் ‘டடக்… டடக்’ என்று ஜோடியாகக் கேட்கும். பழைய ஆட்கள் இதை வைத்தே வேகம் சொல்வார்கள். 47 நொடியில் எத்தனை ஜாயிண்ட் கடக்கிறதோ அத்தனை கிலோமீட்டர் வேகம். மீட்டர் கேஜில் தண்டவாளம் 12 மீட்டர், அதனால் 43 நொடி எண்ணுவோம். இப்போது நீள வெல்டு தண்டவாளம் வந்துவிட்டதால் அந்த விளையாட்டு போய்விட்டது.

போனாலும் அதில் ஒரு லாபம் உண்டு. ஜாயிண்டே இல்லாத பாதையில் ஓரிடத்தில் ‘டக்’ என்றால் காரணங்கள் கைவிரலில் அடங்கும்: வெல்டு பள்ளமாகியிருக்கும், பசை வைத்து ஒட்டிய குளூ ஜாயிண்ட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தண்டவாளத் தலையில் (சக்கரம் ஓடும் மேல்பகுதி) சக்கரம் வழுக்கித் தேய்த்த தழும்பு இருக்கும். ஒரு மீட்டர் ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர்ச்சட்டம்) வெல்டின் மேல் வைத்து நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பள்ளம் தலையில் இருந்தால் எத்தனை பேக்கிங் அடித்தாலும் போகாது. தலை நேராக இருந்து, வண்டி ஏறும்போது மட்டும் அந்த இடம் அமுங்கினால்தான் அது கட்டைக்கு அடியில் உள்ள கோளாறு.

தட்டைச் சக்கரத்தின் காரணம் அநேகமாக பிரேக்தான். பிரேக் பிடித்தபடியே, அல்லது கைபிரேக்கைத் தளர்த்தாமலே வண்டி இழுபடும். சுழலாத சக்கரம் தண்டவாளத்தில் தேய்ந்து சூடேறி, உடனே குளிர்ந்து, அந்த இடம் மட்டும் கண்ணாடி போல உடையும் இரும்பாகிவிடும். தட்டைப் பகுதி பயணிகள் பெட்டியிலும் எஞ்சினிலும் 50 மில்லிமீட்டர் வரை, சரக்குப் பெட்டியில் 60 வரை என்பது வரம்பு. அதைத் தாண்டினால் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். பெட்டி போன பிறகும் உங்கள் வேலை முடியவில்லை. தட்டைச் சக்கரம் ஓடி வந்த தூரம் முழுக்க வெல்டுகளை ஒரு நடை நடந்து பாருங்கள். நொடிக்கு ஆறு சம்மட்டி அடி வாங்கிய தண்டவாளம் அது.

வளைவில் கிறீச்சிடுகிறது

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். சக்கரத்தின் ஓடுதளம் உருளை கிடையாது. 20க்கு 1 என்ற சரிவில் செதுக்கிய கூம்பு. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தியவை, தனித்தனியாகச் சுழலாது. வளைவில் வெளித்தண்டவாளம் நீளம் அதிகம். ஆகவே அச்சு கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கும். வெளிச்சக்கரம் கூம்பின் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் ஓடி, கணக்கு நேராகிவிடும். யாரும் திருப்பாமலே வண்டி திரும்புவது இப்படித்தான். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாஞ்ச் காவல்காரன் மாதிரி, நல்ல பாதையில் அதற்கு வேலை அதிகம் இருக்கக் கூடாது.

ஆனால் ஒதுங்க இடம் எவ்வளவு? அகலப்பாதை கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 1676 மில்லிமீட்டர். சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் 1600. இரண்டு ஃபிளாஞ்சும் சேர்ந்து 57. மிச்சம் 19, அதாவது பக்கத்துக்கு ஒன்பதரை. இந்த ஒன்பதரை மில்லிமீட்டரில் 20க்கு 1 கூம்பு தரும் விட்ட வித்தியாசம் 1.9 மில்லிமீட்டர். அது எந்த வளைவுக்குப் போதும்? தண்டவாள மையத்துக்கு மையம் 1750, சக்கர விட்டம் 915 என்று போட்டுப் பெருக்கி வகுத்தால் ஆரம் சுமார் 840 மீட்டர் வரும். அதாவது ஏறக்குறைய 2 டிகிரி வளைவு. அதைவிடக் கூர்மையான வளைவில் புதுச்சக்கரம் உருண்டு மட்டும் போக முடியாது, சறுக்கியே தீரும். சறுக்கி, பிடித்து, மறுபடி சறுக்கும்போது சக்கரத் தகடு வெண்கல மணி போல அதிரும். நீங்கள் கேட்கும் கிறீச்சு அதுதான்.

ஆகவே கூர்மையான வளைவில் கொஞ்சம் கிறீச்சு இயல்பு. மிதமான வளைவில் கேட்டால் பாருங்கள். ஒரே ஸ்தாயியில் நீளமாக ஊளையிட்டால் பெரும்பாலும் உள்சக்கரம் சறுக்குகிறது. ‘சர்ர்’ என்று அரம் தேய்ப்பது போல வந்தால் வெளிச்சக்கர ஃபிளாஞ்ச் தண்டவாளத்தின் பக்கவாட்டை உரசுகிறது. அடிக்கட்டையில் மினுமினுப்பாக இரும்புத்தூள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

உரசலுக்கு மருந்து கிராஃபைட் கிரீஸ், வெளித்தண்டவாளத்தின் உள்பக்கவாட்டில் மட்டும். தலைமேல் ஒரு விரல் பட்டாலும் பிரேக் பிடிக்காது, எஞ்சின் வழுக்கும். கிரீஸ் போட்டவன் மேல்தான் அப்புறம் விசாரணை வரும்.

வளைவில் வெளித்தண்டவாளத்தை உள்தண்டவாளத்தைவிட உயர்த்தி வைக்கும் அளவுக்குக் கேன்ட் என்று பெயர். எந்தத் தண்டவாளம் தேய்கிறது என்பதைப் பார்த்தாலே கேன்ட் சரியா என்று தெரிந்துவிடும். 875 மீட்டர் ஆர வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமநிலைக் கேன்ட் (இரண்டு தண்டவாளத்திலும் எடை சமமாக விழும் அளவு) 157 மில்லிமீட்டர். அதே வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சரக்கு வண்டிக்கு 39 போதும். நீங்கள் 100 கொடுத்தீர்கள் என்று வையுங்கள். வேகமான வண்டிக்கு 57 குறை, மெதுவான வண்டிக்கு 61 அதிகம். இரண்டுமே 75 என்ற வரம்புக்குள்தான். ஆனால் விருத்தாசலம் பக்கம் போல சரக்கு வண்டி ஓடும் பாதையில், சிக்னலுக்காக வளைவிலேயே வண்டி மெதுவாகும் இடமாக இருந்தால், எடையெல்லாம் உள்தண்டவாளத்தில் சாயும். அதன் தலை நசுங்கி அகலமாகும், உதடு பிதுங்கும். அங்கே போய் வெளித்தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டுப் பயனில்லை. உண்மையில் என்ன வேகத்தில் வண்டிகள் போகின்றன என்று ஒரு வாரம் குறித்துவிட்டு, கேன்ட்டைக் குறைக்கக் கேளுங்கள். வெளித்தண்டவாளம் பக்கவாட்டில் சீவப்பட்டால் முதலில் வெர்சைனை எடுங்கள். வளைவில் 20 மீட்டர் நூல் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 875 மீட்டர் ஆரத்துக்கு 57 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு இடத்தில் 45, அடுத்த இடத்தில் 70 என்று வந்தால் வளைவு முழுவதும் ஒரே வளைவாக இல்லை. வண்டி ஒவ்வொரு முனையிலும் இடித்துத் திரும்புகிறது.

நேர்ப்பாதையில் பாம்பு போல ஆடுகிறது

கூம்பினால் வரும் இன்னொரு விளைவு. நேர்ப்பாதையில் அச்சு கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினால் அதுவே வலப்பக்கம் திரும்பும், தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். புதுச்சக்கரத்துக்கு இந்த அலையின் நீளம் சுமார் 18 மீட்டர். மெதுவான ஆட்டம், யாருக்கும் தெரியாது. சக்கரம் குழிவாகத் தேய்ந்து கூம்புச் சரிவு நாலு மடங்கு கூடினால் அலை பாதியாகும். அதாவது ஒன்பது மீட்டருக்கு ஒரு ஆட்டம், வேகம் கூடக்கூட அது பெட்டியையே பிடித்து உலுக்கும்.

ஒரு பெட்டி மட்டும் ஆடினால் சக்கரத் தேய்மானம், டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் கருவி) என்று பெட்டிக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். எல்லாப் பெட்டியும் ஒரே கிலோமீட்டரில் ஆடினால் கேஜைப் பாருங்கள். கட்டையில் லைனர் (தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் வைக்கும் தகடு) தேய்ந்து கேஜ் அகன்றிருக்கும், அல்லது நேர்ப்பாதை என்று நினைத்தது மெல்ல நெளிந்திருக்கும். குனிந்து தண்டவாளத்தின் ஓரமாகக் கண்ணை ஓட்டுங்கள், தெரியும்.

ஒரே இடத்தில் ‘தொப்’ என்று இறங்குகிறது

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வரும் புகாரில் பாதி இதுதான். கெடிலமும் பெண்ணையாறும் பரவனாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல்தான் பாதை ஓடுகிறது.

கோடையிலேயே இதற்கு முன்னறிவிப்பு உண்டு. கட்டையின் முனையைச் சுற்றி ஜல்லி மேல் மாவு தூவியது போல வெள்ளைப் பொடி இருக்கும். கட்டை தொங்குகிறது என்று அர்த்தம். தண்டவாளத்தில் ஊஞ்சல் போலத் தொங்கும் கட்டை, வண்டி ஏறும்போது இறங்கி ஜல்லியை அரைக்கிறது. அந்த மாவு மழையில் கரைந்து களியாகி, ஜல்லிக்கு நடுவில் தண்ணீர் போகும் வழியை அடைக்கும். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை பம்பு போல வேலை செய்து சேற்றை மேலே துப்பும். சேறு வந்த பிறகு பேக்கிங் அடிப்பது சேற்றைக் கலக்கும் வேலைதான்.

ஒரு மழைக்காலத்தில் நான் ஒரே பத்து கட்டையை மூன்று தரம் பேக் செய்தேன். மூன்று தரமும் பதினைந்து நாளில் இறங்கியது. நாலாவது தரம் கூட வந்த வயதான கீமேன் (பாதையை நடந்து பார்க்கும் ஊழியர்) ஒருவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் காலுவாயில் இறங்கி, கடப்பாரையால் நாலு குத்து குத்தினார். யாரோ வயலுக்குப் போக மண்ணைப் போட்டு வழி செய்திருந்தார்கள். தண்ணீர் வடிய இடமில்லாமல் ஜல்லிக்கு அடியிலேயே நின்றிருக்கிறது. மண்ணை வெட்டி விட்டதும் கலங்கலாக ஓட ஆரம்பித்தது. ராத்திரிக்குள் வடிந்தது. அந்த வருஷம் அந்த இடத்துக்கு நான் திரும்பப் போகவில்லை.

ஆகவே வரிசை இது: முதலில் காலுவாய், அடுத்தது ஜல்லியைச் சலித்து அழுக்கை எடுப்பது, கட்டைக்கு அடியில் 25 முதல் 30 சென்டிமீட்டர் சுத்தமான ஜல்லி இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் பேக்கிங். வண்டல் மிக மோசமாக இருந்தால் ஜல்லிக்குக் கீழே தனியாக ஒரு மணல் அடுக்கு வேண்டும், அது கேங் (பாதை பராமரிப்புக் குழு) செய்யும் வேலை இல்லை.

பாலத்தை ஒட்டி மட்டும் இறங்கினால் விஷயம் வேறு. பாலம் அமுங்காது, கரை அமுங்கும். அந்தச் சந்திப்பில் எப்போதும் ஒரு படி இருக்கும். அங்கே ஜல்லி குறையாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர நிரந்தர மருந்து கிடையாது.

சித்திரை வெயிலில் தண்டவாளம் நெளிந்தது போலத் தெரிகிறது

தெரிகிறது என்றால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். அளப்பது அப்புறம்.

60 கிலோ தண்டவாளம் நீட்ட முடியாமல் கட்டிப்போடப்பட்டிருக்கும்போது, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 1.9 டன் அழுத்தம் உள்ளே சேரும். சமநிலை வெப்பத்தைவிட (தண்டவாளத்தில் இழுப்பும் அழுத்தமும் இல்லாத வெப்பநிலை) 25 டிகிரி கூடினால் ஒரு தண்டவாளத்துக்கு 47 டன். அதைப் பிடித்து வைத்திருப்பது கட்டை முனையில் குவிந்த ஜல்லிதான். அதனால்தான் சமநிலைக்கு மேல் 20 டிகிரி கூடினால் வெயில் ரோந்து போடுகிறார்கள், அந்த நேரத்தில் ஜல்லியைக் கிளறாதே என்கிறார்கள். தண்டவாளம் காற்றைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். நிழலில் 40 என்றால் தண்டவாளத்தில் 55, 60 என்று தெர்மாமீட்டர் காட்டுவது சாதாரணம்.

நெளிவதற்கு முன் அடையாளம் உண்டு. கட்டை முனைக்கும் ஜல்லிக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி, தண்டவாள அடியில் கிளிப் நகர்ந்த புதிய பளபளப்பு. காலையில் நேராக இருந்து பிற்பகலில் அரை விரல் விலகும் இடத்தை ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு “சரியாத்தான் இருக்கு” என்று எழுதாதீர்கள்.

கிளிப் கையோடு வருகிறது, அல்லது சம்மட்டிக்கும் வரவில்லை

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை பக்கம் உப்புக்காற்று. தண்டவாளத்தின் அடிப்பகுதி, லைனர் உட்காரும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். மேலே தலை புதிதாக மின்னும், கீழே பாதம் அப்பளம் போல மெலிந்திருக்கும். தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது. கிளிப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பாதத்தின் கனத்தை அளந்து, கிரீஸ் தடவி, முடிந்தால் லைனர் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள்.

அதிகம் ஓடாத பக்கவழித் தடத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். தலையில் துரு படிந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மின்சாரம் பாயாது. வண்டி நின்றுகொண்டிருக்கும், தடத்தில் வண்டி இருக்கிறதா என்று மின்சாரத்தால் அறியும் டிராக் சர்க்யூட் காலி என்று காட்டும். சிக்னல்காரர்களைக் கூப்பிடுங்கள், தேய்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

லெவல் கிராசிங் கேட்டில் சக்கரம் குதிக்கிறது

நெல்லிக்குப்பம் சுற்றிலும் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் கட்டாயம் பாருங்கள். டயரில் ஒட்டிய களிமண்ணும் சோகையும் கேட்டில் செக் ரெயிலுக்கும் (தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கம் போட்ட காவல் தண்டவாளம்) தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழும். ஃபிளாஞ்ச் போக அங்கே 51 முதல் 57 மில்லிமீட்டர் வரைதான் இடம். மண் இறுகிக் காய்ந்தால் செங்கல் மாதிரி. கேட் கீப்பரிடம் ஒரு கம்பி கொடுத்தால் போதும், வேறு தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

பாதை பிரியும் பாயிண்டில் சக்கரம் ஏறிவிட்டது

இது அறிகுறி நிலையைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அடுத்ததைத் தடுக்கக் காரணம் வேண்டும். ஃபிளாஞ்ச் தண்டவாளத்தில் ஏறுமா என்பதை, பக்கவாட்டு விசையைச் செங்குத்து எடையால் வகுத்துப் பார்க்கச் சொன்னவர் நடால் என்ற பிரெஞ்சுக்காரர். 68 டிகிரி ஃபிளாஞ்சுக்கு உராய்வு 0.3 என்றால் அந்த விகிதம் 1.25 வரை தாங்கும். காய்ந்து கரடுமுரடாகி 0.5 ஆனால் 0.88லேயே ஏறத் தொடங்கலாம். ஆகவே தேட வேண்டியது மூன்று: பக்கத்தில் தள்ளியது எது, எடையைக் குறைத்தது எது, உரசலைக் கூட்டியது எது. எடையைக் குறைப்பதில் முதல் சந்தேகம் பாதை முறுக்கு. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காத இடத்தில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கியது போலாகிவிடும். ஃபிளாஞ்ச் முனை 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் கீழே கூராகத் தேய்ந்திருந்து, டங் ரெயில் (பாயிண்டில் நகர்ந்து வழி மாற்றும் நாக்குத் தண்டவாளம்) நுனியும் உடைந்திருந்தால், அந்தச் சக்கரம் இரண்டு வழிக்கும் நடுவில் தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும்.

தண்டவாளத் தலையில் குறுக்காக, மெல்லிய கோடாக, ஒன்றிரண்டு மீட்டருக்கு நீளும் தடம் இருந்தால் சக்கரம் மெதுவாக ஏறியிருக்கிறது. கோடே இல்லாமல் கட்டையில் நேராக விழுந்த அடி இருந்தால் கேஜ் அகன்று உள்ளே விழுந்ததா, குதித்ததா என்று பாருங்கள். எதுவானாலும் கிரேன் வருவதற்குள் அந்தக் கோட்டின் தொடக்கத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, படமெடுத்து, அங்கிருந்து வண்டி வந்த திசையில் ஒவ்வொரு கட்டையிலும் கேஜையும் லெவலையும் எழுதி வையுங்கள். முதலில் தடம் புரண்ட அச்சின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கிரேன் தூக்கிய பிறகு எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.